ஒற்றை வார்த்தை ஓட்டு

மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கடையில் ஈரத்துணி வைத்ததுதான் சட்டம். அந்த வருஷம் மழையும் தேர்தலும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக வந்தன. முன் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, கயிறு நிறைய ஆஸ்பத்திரிப் போர்வைகள். அவற்றுக்கு அடியில் குனிந்துதான் ஆள் நடமாட வேண்டும். நிமிர்ந்தால் முகத்தில் ஈரம் அப்பும். சோப்பும் நீராவியும் கலந்த வாசனை, ரெண்டு மெஷின் சுற்றுகிற கடகடப்பு, ஜன்னலோரம் என் தையல் மெஷின். போர்வைகளில் கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தருவது என் வேலை. மாடியில் குடியிருந்தேன். சமையலை முடித்துவிட்டுக் கீழே இறங்கினால் விளக்கு வைக்கிற வரைக்கும் எனக்கு அதுதான் வீடு.

சலவைக்காரர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை அக்கா என்பாள். போன வருஷம் ஒரு காலை நேரம் சலவைக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டே நின்றவர், நின்றபடியே சரிந்தார். துணி கருகுகிற வாடை வந்த பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு போய்விட்டது. போன பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ மிச்சம் நின்றது: வேணாம்.

டீ தரட்டுமா என்றால் "வேணாம்" என்று சொல்லி இடது கையை நீட்டுவார். டம்ளரைக் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். வெளியே உட்காரணுமா என்றாலும் அதே வார்த்தைதான், சொல்லும்போதே காலைத் தரையில் ஊன்றுவார். இழுத்துச் சொன்னால் ஆமாம், வெடுக்கென்று சொன்னால் இல்லை, ரெண்டு தரம் சொன்னால் கோபம் என்று தங்கச்சி பழகிக்கொண்டாள். நானும் கொஞ்சம் பழகினேன். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

அவர் செய்த வேலையும் தங்கச்சி தலையில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் துவைத்து, அலசி, பிழிந்து, காயவைத்து, தேய்த்து, மடித்துக் கட்ட வேண்டும். வெயில் அடித்தால் ஒருமாதிரி சமாளிக்கலாம். மழை வந்தால் பின்கட்டில் சாக்கடை ஏறிவிடும். ரோட்டை உயர்த்திப் போட்டவர்கள் வடிகால் வெட்டவில்லை. மார்க்கெட்டுப் பக்கத்துத் தண்ணீர் மொத்தமும் எங்கள் தெருவில் இறங்கி, துவைக்கிற கல்லைத் தாண்டி உள்ளே வரும். கூடையில் அலசி வைத்த போர்வையில் அந்தத் தண்ணீர் பட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆஸ்பத்திரிக்காரன் மோந்து பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவான்.

வடிகால் வெட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் கான்ட்ராக்டர் மூன்று தேர்தலாக நின்றார், ஜெயித்தார். அதை ஊருக்கெல்லாம் சொன்ன வாய், தங்கச்சியின் சொந்த அண்ணன் வாய். அவருக்கு மைக்செட் வாடகைக்கு விடுகிற தொழில். பேரே மைக்செட் என்று ஆகிப்போனது. கான்ட்ராக்டரின் ஆட்டோவில் உட்கார்ந்து அவர் அறிவித்தால் மூன்று தெரு தாண்டி பச்சைப் பிள்ளை விழித்துக்கொள்ளும். "வடிகால் வருகிறது, வாக்காளப் பெருமக்களே" என்று அவர் இழுத்துச் சொல்வதை எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட்டாகவே சொல்லித் திரிந்தன.

முன்பெல்லாம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே இலையில் சாப்பிடாத குறை. ஒரு மழையில் சலவைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று போர்வை பொறுக்கிக்கொண்டிருந்தபோது மைக்செட் பார்க்க வந்தார். இவர் நிமிர்ந்து, "வடிகால் உன் வாயிலதான் ஓடுது மச்சான், வேற எங்கயும் ஓடல" என்றார். அதோடு போக்குவரத்து நின்றது. அவர் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர் மைக்செட்தான். ஆனால் வீட்டுப்படி மட்டும் ஏறவில்லை. வாசலில் நின்று, "எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

தேர்தல் வந்ததும் முதல் குழப்பம் ஓட்டுச்சீட்டில் வந்தது. இவ்வளவு காலமும் பிடித்தவர் பேருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். இந்தத் தடவை எண் போடணும் என்றார்கள். ரொம்பப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு ரெண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று. பெருக்கல் குறி போட்டால் செல்லாது. முதலில் வந்த நோட்டீஸ் மூன்று எண்ணும் கட்டாயம் என்றது. பிறகு வந்தது, ஒன்று மட்டும் போட்டாலும் போதும் என்றது. கான்ட்ராக்டர் ஆட்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். எதிர்த்து நின்ற வக்கீலின் ஆட்கள், ஒன்றை யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ரெண்டை எங்களுக்குப் போடாமல் வராதீர்கள் என்றார்கள்.

பால்காரர் கேனை இறக்கிவைத்துவிட்டுப் புலம்பினார். "பள்ளிக்கூடத்துல எனக்கே ஒருத்தனும் ரேங்க் போட்டதில்ல. நான் இவனுங்களுக்கு ரேங்க் போடணுமாம். ஒன்பது பேர்ல ஒருத்தன்கூட பாஸ் மார்க் வாங்கல, இதுல முதல் மூணு யாருன்னு எங்க போய்த் தேடறது?"

"அப்ப போகாதீங்க" என்றாள் தங்கச்சி, இஸ்திரியைத் தேய்த்தபடியே. "நானும் போகப் போறதில்ல. போட்டு என்னத்தக் கண்டோம்? தண்ணி வந்துட்டுத்தான் இருக்கு."

"போகாம இருந்தா நம்ம ஓட்ட வேற எவனாவது போட்டுட்டுப் போயிடுவாம்மா. அந்த எரிச்சலுக்காவது போகணும்."

வாக்காளர் சீட்டு வீட்டுக்கு வந்தபோது சலவைக்காரர் இடது கையால் தம்முடையதை உருவி சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தங்கச்சி பத்திரப்படுத்தக் கேட்டதற்கு "வேணாம் வேணாம்" என்று ரெண்டு தரம் சொன்னார். பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவள் மனசு மாறினாள். துணிக்கு அடையாளம் போடுகிற பேனாவைக் கொடுத்து, பழைய அட்டையில் கட்டம் போட்டு, ஒன்று எழுதச் சொல்லிப் பழக்கினாள். இடது கை நடுங்கியது. அட்டை நழுவியது. ஒன்று என்பது சாய்ந்து ரெண்டு கட்டத்துக்கும் பொதுவாகப் போய் விழுந்தது.

"இப்படிப் போட்டா செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நான் கூட வந்து எழுதறேன். கூட ஒருத்தர் வரலாமாம்" என்றாள். அவர் இழுத்து "வேணாம்" என்றார். சரி என்று அர்த்தம்.

கான்ட்ராக்டர் ஓட்டுக் கேட்டு வந்தது அதற்கு மறுநாள். பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கொண்டு, எங்கள் தெருத் தண்ணீரை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். சலவைக்காரரின் சக்கர நாற்காலிக்கு முன்னால் குனிந்து, "அண்ணே, இந்தத் தடவையும் உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்றார்.

"வேணாம்."

தங்கச்சிதான், "அவருக்கு அந்த ஒரு வார்த்தைதாங்க வரும்" என்றாள். கான்ட்ராக்டர் பெரிதாகச் சிரித்து அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். பின்னால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மைக்செட் நின்றிருந்தார். சலவைக்காரர் பார்வை கான்ட்ராக்டரிடம் போகவே இல்லை, மச்சான் மேலேயே இருந்தது. மைக்செட் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தெருவில் அதற்கப்புறம் அவர் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

தேர்தல் அன்றைக்குக் காலையில் நல்ல மழை. ஆஸ்பத்திரி வண்டி மத்தியானம்தான் வரும், போர்வையைக் கட்டி அனுப்பிவிட்டு இவரைக் கூட்டிப் போகலாம் என்பது தங்கச்சி கணக்கு. அதற்குள் ஒரு காலத்தில் வாட்ச்மேனாக இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் குடையோடு வந்து நின்றார். கண் தெரியாதவர். மகன் வேலைக்குப் போய்விட்டான். ஆட்டோ காத்திருக்கிறது, கூட வரமுடியுமா என்று கேட்டார். தங்கச்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் சொன்னபடி எண் போட்டாள், தன் ஓட்டையும் போட்டாள், வந்து மறுபடி இஸ்திரியைப் பிடித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை தூறலாக இறங்கியது. சக்கர நாற்காலியை அவள் தள்ள, நான் குடை பிடித்தேன். என் ஓட்டு வேறு ஊரில், ஆனாலும் துணைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நான் வராந்தாவில் கதவோரமாக நின்றுகொண்டேன்.

உள்ளே பொறுப்பதிகாரியாக ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு எழுதிக்கொண்டிருந்தவர் தங்கச்சியைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தினார். "நீங்க காலையில ஒரு பெரியவர் கூட வந்தீங்கள்ல?"

"ஆமாங்க. பக்கத்து வீட்டுக்காரர். கண்ணு தெரியாது."

"ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் துணையா வரலாம்மா. உங்க முறை முடிஞ்சுபோச்சு."

"அவர் அசலார்ங்க. இவர் என் வீட்டுக்காரர்."

"புரியுது. ஆனா விதி அப்படி."

"அப்ப காலையில பண்ணினத ரத்து பண்ணிட்டு இத வெச்சுக்க முடியாதுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. "அப்படி முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார். "இந்தச் சாவடியில ஓட்டு இருக்கற வேற யாராவது வரட்டும். அவருக்குச் சம்மதமா இருந்தா போதும்."

தங்கச்சி வரிசையைப் பார்த்தாள். பால்காரர் ஏற்கெனவே தன் அம்மாவுக்குத் துணை வந்தாயிற்று. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இன்னொருத்தர் ஓட்டை எழுதினோம் என்ற பேர் பிறகு எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயம். தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியவருக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கணும் அக்கா" என்றாள் என் பக்கம் திரும்பி. சொன்ன மாத்திரத்தில், "சேச்சே, அவரையும் எப்படி விடறது" என்று தானே திருத்திக்கொண்டாள்.

பால்காரர் போய்த்தான் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே கட்சிப் பந்தலில் இருந்த மைக்செட் வேகமாக வந்தார். அவர் ஓட்டும் அந்தச் சாவடியில்தான். கான்ட்ராக்டரின் ஆள் ஒருத்தன் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து காதில், "ரொம்ப நல்லதாப் போச்சுண்ணே, ஒண்ணு நம்மளுக்கு உறுதி" என்றது எனக்கே கேட்டது. மைக்செட் தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் வெச்சுக்கங்க" என்றார்.

தங்கச்சி அவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதுபோல வாசலை அடைத்து நின்றாள். "அண்ணே" என்றாள்.

"தெரியும்மா. நீ நகரு" என்றார் அவர். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதில்லை.

அதிகாரி அம்மா எழுந்து நாற்காலி அருகில் வந்து குனிந்தார். "ஐயா, இவர் உங்களுக்குத் துணையா வர்றதுல உங்களுக்குச் சம்மதமா?"

"வேணாம்" என்று இழுத்துச் சொன்னார் சலவைக்காரர். தலையையும் ஆட்டினார்.

வக்கீலின் ஏஜென்ட் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "மறுத்துட்டார் மேடம். வேற ஆளப் பார்க்கச் சொல்லுங்க."

"அவருக்கு அந்த ஒரு வார்த்தைதாங்க வரும்" என்று தங்கச்சி பதறினாள். "சரிங்கறதுக்கும் அதான், இல்லைங்கறதுக்கும் அதான். தலைய ஆட்டறார் பாருங்க."

"தலைய எப்படி வேணா ஆட்டுவாங்க. வாயால என்ன சொன்னார்ங்கறதுதான் கணக்கு. நாளைக்கு இது பிரச்சினையாகும் மேடம். வார்த்தையத்தான் எடுத்துக்கணும்."

சலவைக்காரர் முகம் சிவந்து, பையில் இருந்த சீட்டை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தார். வெளியே தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. வரிசையில் ஒருத்தர், "பாவம், கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார்.

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாத குரலில் கேட்டார். "சரிங்க ஐயா. அப்ப இவரை வெளிய அனுப்பிடட்டுமா?"

சலவைக்காரர் வெடுக்கென்று, "வேணாம்" என்றார்.

"வேற யாரையாவது கூப்பிடணுமா?"

"வேணாம்."

"ஓட்டுப் போடாமலே வீட்டுக்குப் போயிடறீங்களா?"

"வேணாம் வேணாம்."

அதிகாரி அம்மா ஏஜென்ட் பக்கம் திரும்பினார். "வார்த்தையத்தான் எடுத்துக்கணும்னு சொன்னீங்க. எடுத்துக்கிட்டேன். உட்காருங்க." குரலை உயர்த்தவுமில்லை, ஜெயித்த சந்தோஷமும் காட்டவில்லை. போய் உட்கார்ந்து எழுத வேண்டியதை எழுதி, மைக்செட்டிடம் கையெழுத்து வாங்கி, ஓட்டுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நாற்காலி போனது. இனிமேல்தான் சங்கடம் என்று எனக்குத் தோன்றியது. மைக்செட் ஒவ்வொரு பேராகக் காட்டக் காட்ட, இவர் வேணாம் வேணாம் என்று சொன்னால் அது அறை முழுக்கக் கேட்கும். எத்தனையாவது பேரில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டால் ஓட்டு யாருக்கு என்பது வெட்டவெளிச்சம். கான்ட்ராக்டரின் ஏஜென்ட் விரலை மடக்கத் தயாராக உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வக்கீலின் ஏஜென்ட் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

முதல் வேணாம் கேட்டது. ரெண்டாவது கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல் வந்தன. மறுபடி மௌனம், மறுபடி ஒன்று. சீட்டில் இருந்த பேர்களைவிட வேணாம் அதிகமாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மைக்செட் மேலிருந்து கீழே வரவில்லை. கீழே ஒரு பேர், நடுவில் ஒரு பேர், காட்டின பேரையே திரும்ப ஒரு தரம் என்று விரலை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். கான்ட்ராக்டரின் ஏஜென்ட் மடக்கின விரல்களைப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான். அதிகாரி அம்மா எதுவும் கேட்காதவர் மாதிரி அடுத்தவருடைய சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் ஆகட்டும் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

மடித்த சீட்டை சலவைக்காரரே இடது கையால் பெட்டியில் போட்டார். பெட்டி வாய் சிறியது. கை நடுங்கி மூன்று தரம் தவறியது. யாரும் உதவிக்குப் போகவில்லை, அதிகாரி அம்மா கையை நீட்டித் தடுத்திருந்தார். நான்காம் தரம் உள்ளே விழுந்தது.

வெளியே வந்ததும் கான்ட்ராக்டரின் ஆள் மைக்செட்டை மறித்தான். "என்னண்ணே, ஆச்சா?"

"ஆச்சு."

"நம்மளுக்குத்தானே?"

"அது அவர் ஓட்டு. அவர்கிட்ட போய்க் கேளு" என்றார் மைக்செட். என்னிடமிருந்த துண்டை வாங்கினார். தோளில் போடவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியைத் தள்ள ஆரம்பித்தார். தெருமுனையில் தண்ணீர் தேங்கின இடத்தில் மாப்பிள்ளையை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பால்காரரும் ஒரு கை கொடுத்தார்.

வீட்டு வாசலில் வழக்கம்போல நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலி உள்ளே போனதால் அவரும் உள்ளே வந்துவிட்டார். போர்வைகளுக்கு நடுவே குனிந்து நின்றவரிடம் தங்கச்சி டீ கொடுத்தாள்.

"அண்ணே, நான் ஒண்ணு கேட்கலாமா?"

"யாருக்குப் போட்டார்னு மட்டும் கேக்காத."

"அதக் கேக்கல. தப்பாப் போடணும்னு உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?"

மைக்செட் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "தோணாம இருக்குமா? கையில பென்சில் இருக்கு, உள்ள ஒருத்தரும் பார்க்கல. ஆனா அவர் என் கையப் பிடிச்சுட்டு இருந்தார்மா. சந்தேகப்பட்டுப் பிடிச்சிருந்தா இறுக்கிப் பிடிச்சிருப்பார். சும்மா, ரோட்டத் தாண்டறப்ப பிடிப்போம்ல, அப்படிப் பிடிச்சிருந்தார்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தனை வருஷம் இந்தத் தெருவுக்கு நான் கத்தினதுல ஒண்ணும் நிஜமா நடக்கல. இதாவது அவர் சொன்னபடி நடக்கட்டும்னு போட்டேன்" என்றார்.

தங்கச்சிக்கு நன்றி என்று சொல்ல வரவில்லை. அண்ணனிடம் எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது? "சட்டையெல்லாம் ஈரம், கழட்டு" என்று அதட்டினாள். கழற்றின சட்டையைப் பலகையில் விரித்து, காலர், கை, முதுகு என்று ஒவ்வொன்றாக, அடுத்த வண்டிக்குக் கட்டி அனுப்ப வேண்டிய வேலையெல்லாம் கிடக்க, நிதானமாகத் தேய்த்தாள். சூடு ஆறுவதற்குள் அவர் தோளில் போட்டுவிட்டாள். சலவைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே டீயை முடித்தார்.

எண்ணிக்கையில் வக்கீல் ஜெயித்தார். வித்தியாசம் சொற்பம். அதைவிடப் பெரிய குவியல் செல்லாத ஓட்டுகள். பழைய வழக்கத்தில் பெருக்கல் குறி போட்டது, ரெண்டு பேருக்கு ஒன்று போட்டது, கோபத்தில் ஒன்பது பேரையும் அடித்துவிட்டு வந்தது. பால்காரர் தன் ஓட்டும் அதில் இருக்கும் என்று சத்தியம் செய்தார். கான்ட்ராக்டர் ஆட்கள் மைக்செட்டிடம் முகம் கொடுக்காமல் போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு வேறு ஒருவரிடம் மைக் எடுத்தார்கள். "கல்யாணத்துக்கு எவனும் மைக் வேணாம்னு சொல்லப் போறதில்ல" என்று இவர் சிரித்தார். சாயங்காலம் வேலை இல்லாத நாட்களில் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தார். யார் கட்சிச் செய்தி வந்தாலும் சலவைக்காரர் அதே பதிலைச் சொன்னார். வக்கீல் வந்து கும்பிட்டு, மழை விடட்டும், வடிகால் வேலை ஆரம்பிச்சிடலாம் என்றார். மழை விட்டது. வேலை ஆரம்பிக்கவில்லை.

வடிகால் கேட்டு மனு எழுதி, தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தங்கச்சி நகராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக என் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தம்மாவப் பார்த்தேன். ஓட்டுச்சாவடி அம்மா. அங்கதான் மனு வாங்கற ஜன்னல்ல வேலை."

"அடையாளம் தெரிஞ்சுதா அவங்களுக்கு?"

"இல்லக்கா. சக்கர நாற்காலின்னேன், பேச்சு வராதவர்னேன், வேணாம்னு சொன்னாரேன்னேன். கண்ணாடியத் துடைச்சுட்டு யோசிச்சுப் பார்த்தாங்க. அன்னிக்கு நிறையப் பேர் வந்தாங்கம்மா, தப்பா நினைக்காதீங்கன்னாங்க."

நான் மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன்.

"முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள். "நான் ஒவ்வொரு நாளும் அவங்கள நினைச்சுக்கறேன், அவங்களுக்கு நம்மளத் தெரியவே இல்ல. நடந்து வரும்போது யோசிச்சேன். அவங்க நமக்குன்னு தனியா ஏதும் பண்ணியிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்க்கா. வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தான் பண்றாங்க போல. அதான் மறந்திருக்கு."

"மனு?"

"ஒரு இடத்துல தேதி போட விட்டுட்டேன். திருப்பி அனுப்பாம, பேனாவும் குடுத்து, எங்க போடணும்னு விரல் வெச்சுக் காட்டினாங்க. நன்றிங்கம்மான்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது? பேனாவுக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து புடவையை இடுப்பில் செருகினாள். பின்கட்டில் மெஷின் நின்றிருந்தது. அடுத்த சுற்றுப் போர்வைகளை வெளியே எடுக்கப் போனாள்.